வெஸ்ட் ஹைலண்ட் வே நடைபயணம்: ஜூனில் மிட்ஜ் கடியை எப்படிச் சமாளிப்பது?

ஈசூன்வாசி:

அனைவருக்கும் வணக்கம். வரும் ஜூன் பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து ஸ்காட்லாந்து போய் வெஸ்ட் ஹைலண்ட் வே நடக்கலாம் என்று இருக்கிறோம். நான், என் தம்பி, உயர்நிலை மூன்றில் படிக்கும் என் மகள். கிளாஸ்கோவுக்குப் பக்கத்தில் மில்கையில் தொடங்கி ஃபோர்ட் வில்லியம் வரை 154 கிலோமீட்டர். நடப்பதில் பயமில்லை. பழைய ரயில் பாதையில் தஞ்சோங் பகார் வரை மூட்டையோடு நடந்து பழகி வருகிறோம். எங்கள் இருவரையும் முந்திக்கொண்டு மகள்தான் முன்னால் போகிறாள்.

பயமெல்லாம் மிட்ஜ் என்ற ரத்தம் குடிக்கும் குட்டிப் பூச்சியை நினைத்துத்தான். மார்ச் விடுமுறையில் புலாவ் உபின் தீவுக்குப் போனபோது செக் ஜாவா பக்கம் அவளைச் சாண்ட்ஃபிளை கடித்துவிட்டது. என்னையும்தான் கடித்தது, மறுநாள் சரியாகிவிட்டது. அவளுக்குக் கணுக்கால் முழுக்க இருபது காசு அகலத்துக்குத் தடித்து, நடுவில் நீர் கோத்து, தூக்கத்திலேயே சொறிந்து ரத்தம் வந்தது. தழும்பு இன்னும் கறுப்பாக இருக்கிறது. அதே இனத்துப் பூச்சி ஸ்காட்லாந்தில் கூட்டம் கூட்டமாக வரும் என்கிறார்கள். "பிள்ளையை அங்கே கொண்டுபோய் எதற்கு வதைக்கிறாய்?" என்று அம்மா தினமும் கேட்கிறார்.

விமான டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை. ஜூன் முதல் வாரமா, கடைசி வாரமா என்பதே முடிவாகவில்லை. கூடாரம் போட்டுத் தங்க வேண்டும் என்று மகளுக்கு ஆசை. அங்கே நடந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். இவளைக் கூட்டிக்கொண்டு போகலாமா? இங்கிருந்து என்ன வாங்கிப் போக வேண்டும்?


தெம்பனிஸ் தம்பி:

அக்கா, ஸ்காட்லாந்து எனக்குத் தெரியாது. தேசிய சேவையில் தெக்கோங் காட்டில் படுத்து எழுந்த பழக்கத்தில் சொல்கிறேன். பீச் ரோடு ஆர்மி மார்க்கெட்டில், அதாவது கோல்டன் மைல் சாப்பாட்டு நிலையம் இருக்கும் அதே கட்டடத்தில், தலையோடு முகத்தையும் மூடும் வலை கிடைக்கும். டீட் என்ற பூச்சிவிரட்டிப் பொருள் அதிகமுள்ள கொசு மருந்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். பேண்டின் கால் நுனியைக் காலுறைக்குள் செருகிவிட்டால் பூச்சி மேலே ஏறாது. போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். அடுத்த ஆண்டு தேசியத் தேர்வு வந்துவிடும், அப்புறம் ஜூன் விடுமுறை முழுக்க அவளுக்குத் துணைப்பாடம்தான்.


மேட்டுநடை:

தங்கச்சி, தாராளமாகக் கூட்டிக்கொண்டு போங்கள். எண்ணெய்த் துறை வேலைக்காக அபர்டீனில் ஆண்டுக்கணக்கில் இருந்தவன் நான். சனி, ஞாயிறு வந்தால் மலைக்குக் கிளம்பிவிடுவோம். என் மனைவிக்கும் உங்கள் மகளைப் போலக் கடித்தால் தடித்துப்போகும் உடம்புதான். நீங்கள் சொல்லும் பாதையை நாங்கள் இருவரும் முழுதாக நடந்திருக்கிறோம்.

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். மிட்ஜ் நடக்கிறவரை விட்டுவிடும், நிற்கிறவரைத்தான் பிடிக்கும். இறக்கையை விரித்தாலும் ஒன்றரை மில்லிமீட்டர்தான் இருக்கும். நாம் சாதாரணமாக நடக்கும் வேகத்துக்கே அதனால் ஈடுகொடுத்துப் பறக்க முடியாது. காற்று மணிக்குப் பத்துப் பதினொரு கிலோமீட்டர் வேகத்தில், இலைகள் சலசலக்கும் அளவுக்கு வீசினால் ஒதுங்கிவிடும். வெயில் நன்றாக அடித்தாலும் அவ்வளவாக வராது. அதனால் எந்த மருந்து தடவுவது என்று தேடுவதற்கு முன்னால், தினமும் எங்கே நிற்பது, எந்த நேரத்தில் நிற்பது என்று திட்டம் போடுங்கள். பாதிக்கு மேல் பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிடும்.

டிக்கெட்டை ஜூன் முதல் வாரத்துக்கே எடுங்கள். இந்தப் பூச்சியின் புழு குளிர்காலம் முழுக்கச் சதுப்பு மண்ணுக்குள் கிடந்து, மே கடைசியில்தான் இறக்கை முளைத்து வெளியே வரத் தொடங்கும். கடிப்பது பெண் பூச்சி மட்டும். அதுவும் முதல் ஈட்டு முட்டையை ரத்தம் குடிக்காமலே இட்டுவிடும். அடுத்த ஈட்டுக்குத்தான் ரத்தம் தேடி வரும். ஆகவே ஜூன் பிறந்தவுடன் பூச்சி இருந்தாலும் கடி குறைவு. நாளாக நாளாகக் கூடி ஜூலை, ஆகஸ்டில் தாங்காது. ஜூன் கடைசிக்குள் அது நன்றாகவே தொடங்கியிருக்கும்.

நேரத்தைப் பற்றி. நம்மூரில் ஏழேகாலுக்குப் பொழுது சாய்ந்தால் அரை மணியில் இருட்டிவிடும். அங்கே ஜூனில் சூரியன் மறையவே பத்து மணி ஆகும், அதன் பிறகும் மங்கல் வெளிச்சம் நெடுநேரம் நிற்கும். அந்த மங்கலில், காற்றும் அடங்கிவிட்டால், மிட்ஜ் எழும்பிவிடும். விடியற்காலையும் அப்படித்தான், நாலரை மணிக்கெல்லாம் வெளுத்துவிடும். மேகம் மூடி, தூறல் விட்டு, காற்றில்லாமல் இருந்தால் நடுப்பகலிலும் வரும். அங்கே மிட்ஜ் நிலவரம் சொல்லும் இணையதளமே இருக்கிறது, ஊர்வாரியாக ஒன்று முதல் ஐந்து வரை அளவு போடுவார்கள். இரவு படுக்கும் முன் அதையும் காற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இதுதான் உங்களுக்கு முக்கியம். லாக் லோமண்ட் ஏரியின் கிழக்குக் கரை முழுக்க மரநிழல், ஈரம், காற்று நுழையாது. ரோவர்டெனன் தாண்டி இன்வரார்னன் வரை பாறையும் வேருமாக இருப்பதால் வேகமும் குறையும், களைத்துப்போய் மரத்தடியில் உட்காரத் தோன்றும். உட்காராதீர்கள். ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கூழாங்கல் கரையைத் தேடிப் போய் உட்காருங்கள், தண்ணீர் மேலே வரும் காற்று முகத்தில் படவேண்டும். அதற்கு முன்னால் வரும் கோனிக் ஹில் உச்சியில் காற்றுக்குப் பஞ்சமில்லை, அங்கே நிம்மதியாகச் சாப்பிடலாம். ரானக் மூர் பகலில் திறந்த வெளி, காற்றடிக்கும், அழகென்றால் அப்படியோர் அழகு. ஆனால் முழுக்கச் சதுப்பு. சாயங்காலம் காற்று நின்றால் கிங்ஸ்ஹவுஸ் பக்கம் வெளியே நிற்க முடியாது. மறுநாள் டெவில்ஸ் ஸ்டேர்கேஸ் ஏற்றம், பாதையிலேயே உயரமான இடம், ஏறக்குறைய 550 மீட்டர். இளைப்பாறுவதை மேலேயே முடித்துக்கொண்டு கின்லாக்லெவன் பள்ளத்தாக்குக்குள் இறங்குங்கள்.

நின்றே ஆகவேண்டிய இடத்தில், முதல் இரண்டு மூன்று பூச்சி முகத்தில் உரசியவுடனே கிளம்பிவிடுங்கள். ரத்தம் குடிக்கும் மிட்ஜ் ஒரு வாசனையை வெளியிட்டு மற்றவற்றையும் கூப்பிட்டுவிடும். ஐந்து நிமிடம் பொறுத்தீர்கள் என்றால் சட்டைக் கையில் மிளகுத்தூள் தூவியது போல ஒட்டியிருக்கும்.

முகவலை விஷயத்தில் தெம்பனிஸ் தம்பி சொன்னதில் ஒரு திருத்தம். கொசுவுக்கான வலையில் மிட்ஜ் நுழைந்துவிடும். மிட்ஜுக்கென்றே நெருக்கமாக நெய்த வலை கிளாஸ்கோ கடைகளில் மலிவாகக் கிடைக்கும், போய் இறங்கியதும் வாங்குங்கள். கறுப்பு வலையாகப் பாருங்கள், உள்ளிருந்து பார்க்கக் கண் கூசாது. விளிம்புள்ள தொப்பிக்கு மேலே போடவேண்டும். மூக்கிலோ கன்னத்திலோ வலை ஒட்டினால் அந்த இடத்தில் வெளியிலிருந்தே கடித்துவிடும். வலையின் அடிப்பக்கத்தைச் சட்டைக் காலருக்குள் விட்டுக்கொள்ளுங்கள். உடுப்பு வெளிர்நிறம்தான் நல்லது, கறுப்பும் கருநீலமும் பூச்சியை இழுக்கும். துணியைத் துளைத்துக் கடிக்க அதற்கு வாய் நீளம் போதாது. மணிக்கட்டு, கழுத்து, காதோரம், தலைமுடி வகிடு என்று திறந்த இடத்தைத் தேடித்தான் ஊர்ந்து போகும்.

கூடாரத் திடல்களில் காலையில் பாருங்கள், யாரும் உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள். ஓட்ஸ் கஞ்சிக் கிண்ணத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் நடப்பார்கள். மறு கையால் வலையின் ஓரத்தை ஒரு விரல் தூக்கி, கரண்டியை உள்ளே விட்டு, உடனே இறக்கிவிடுவார்கள். உங்கள் மகளுக்கும் ஒரே நாளில் பழகிவிடும்.

கடைசியாக ஒன்று. மிட்ஜ் அங்கே மனிதருக்கு நோய் எதையும் பரப்புவதில்லை, அரிப்போடு போய்விடும். உண்ணி அப்படியில்லை. பெரணிப் புதரிலும் உயரமான புல்லிலும் இருக்கும், லைம் நோய் வரலாம். இரவு தோறும் முழங்காலுக்குப் பின்னால், தொடை இடுக்கு, இடுப்புப் பட்டி பதியும் இடம் எல்லாம் பார்த்துவிடுங்கள். ஒட்டியிருந்தால் கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நசுக்காமல் நேராக மேலே இழுங்கள். ஊர் திரும்பிச் சில வாரங்களில் வட்டமாகப் பரவும் சிவப்புத் தடிப்போ காய்ச்சலோ வந்தால், ஸ்காட்லாந்தில் நடந்துவிட்டு வந்ததை மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள்.


மருந்துக்கடை மாலா:

மருந்தாளராக வேலை பார்க்கிறேன். மேட்டுநடை அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டீட் வேலை செய்யும், ஆனால் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். கைக்கடிகார வார், மூக்குக்கண்ணாடிச் சட்டம், மழைச்சட்டையின் பூச்சு எல்லாம் வீணாகும். பிக்காரிடின் என்ற இன்னொரு பூச்சிவிரட்டிப் பொருள் 20 விழுக்காடு உள்ள மருந்துக்கு அந்தத் தொல்லை கிடையாது, அவள் வயதுக்கும் ஏற்றது. ஸ்காட்லாந்தில் நடக்கிறவர்கள் வாங்கும் ஸ்மிட்ஜ் அந்த வகைதான். ஸ்கின் சோ சாஃப்ட் என்ற சரும எண்ணெயைத் தடவிக்கொள்கிறவர்களும் அங்கே உண்டு. மகளுக்கு இவ்வளவு தடிக்கிறது என்றால் அதை மட்டும் நம்பி இறங்காதீர்கள். வெயில் களிம்பு முதலில், அது காய்ந்த பிறகு பூச்சி மருந்து.

தடிப்புக்கு: தூக்கம் தராத செடிரிசின் போன்ற ஒவ்வாமை மாத்திரையைக் கையில் வைத்திருங்கள். சிலருக்கு அதுவும் மயக்கம் தரும், அதனால் பாறைமேல் நடக்கும் நாளுக்கு முன்பே வீட்டில் ஒரு நாள் கொடுத்துப் பாருங்கள். அவள் வேறு மருந்து சாப்பிடுகிறாள் என்றால் மருத்துவரைக் கேட்டுவிட்டு. கடித்த இடத்தில் ஈரத்துணியைக் குளிரக் குளிர வைத்து, ஹைட்ரோகார்டிசோன் களிம்பை மெல்லியதாகப் பூசலாம். கிளம்பும் முன் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். தூக்கத்தில் சொறியும் பிள்ளைக்கு இது பெரிய உதவி, கிருமி தொற்றுவதே நகத்தால்தான். சிவப்பு பரவி, தொட்டால் சுட்டு, காய்ச்சலும் வந்தால் மருத்துவரிடம் போகவேண்டும். உதடோ முகமோ வீங்கி மூச்சு வாங்கினால் உடனே அங்குள்ள அவசர எண் 999-ஐ அழையுங்கள்.

பயணத்துக்கு முன் இன்னொரு முறை உபின் போய் வாருங்கள். அதே செக் ஜாவா, இந்த முறை நீளக் கால்சட்டை, பிக்காரிடின், மாத்திரையோடு. அவள் தோல் எதற்கு எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடும். அவளுக்கும் தைரியம் வரும்.


ஈசூன்வாசி:

மூவருக்கும் மிக்க நன்றி. என் தம்பியும் நானும் உட்கார்ந்து பேசி ஜூன் முதல் வாரம் என்று முடிவு செய்துவிட்டோம். மகள் இந்தப் பதில்களை எல்லாம் படித்துவிட்டு, காற்று வீசும் இடங்களை வரைபடத்தில் குறிக்க ஆரம்பித்துவிட்டாள். கூடாரம் மட்டும் இன்னும் இழுபறி. எல்லா இரவும் கூடாரம் என்கிறாள் அவள், எல்லா இரவும் அறை என்கிறான் என் தம்பி. அண்ணே, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?


மேட்டுநடை:

இரண்டையும் கலந்து வையுங்கள் தங்கச்சி. இன்வரார்னன், கின்லாக்லெவன் போன்ற மரம் அடர்ந்த பள்ளத்தில் அறையோ விடுதிக் கட்டிலோ எடுங்கள். ஜூனில் சீக்கிரம் நிரம்பிவிடும், இப்போதே கேளுங்கள். டைன்ட்ரம் போன்ற இடத்தில் கூடாரம் போடட்டும், அவள் ஆசையும் நிறைவேறவேண்டும் அல்லவா? ஸ்காட்லாந்தில் பொதுவாக எங்கும் கூடாரம் போட உரிமை உண்டு, ஆனால் லாக் லோமண்ட் கிழக்குக் கரையில் மார்ச் 1 முதல் செப்டம்பர் 30 வரை அனுமதிச்சீட்டு வேண்டும், இல்லையென்றால் கட்டணத் திடலில் தங்கவேண்டும்.

கூடாரத்தை வாங்கும் முன் உள்வலையைப் பாருங்கள். நம்மூர் வெக்கைக்கென்று விற்பவற்றில் வலை அகலமாக இருக்கும், அதற்குள் மிட்ஜ் வந்துவிடும். ஓடையிலிருந்தும் நாணல் புல்லிலிருந்தும் தள்ளி, கொஞ்சம் மேடாக, காற்று வரும் பக்கம் போடுங்கள். வலையை மாட்டிக்கொண்டுதான் கூடாரத்தை விரிக்கவேண்டும், அப்புறம் வெளியே நின்று உடம்பைத் தட்டிவிட்டு ஒவ்வொருவராக உள்ளே போய் உடனே ஜிப்பை இழுத்துவிடுங்கள். காலையில் படுக்கை, உடுப்பு எல்லாவற்றையும் உள்ளேயே மூட்டை கட்டி, முகவலை போட்ட பிறகுதான் ஜிப்பைத் திறக்கவேண்டும். வெளிக்கூடாரத்தைச் சுருட்டுவது கடைசி வேலை. பசியாறுவதை அங்கே வைத்துக்கொள்ளாமல், அரை மணி நடந்து காற்றுள்ள இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடுப்புக்கான எரிவாயுக் குப்பியை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள், கிளாஸ்கோவில் முகவலை வாங்கும் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம்.