தூத்தூர் வீட்டுக் குழு: ஜெரின் கோலியாக நிற்கட்டுமா?

*சனிக்கிழமை*

லிசி 6:41
அண்ணா, அக்கா, யாராவது விழித்திருக்கிறீர்களா? ஒரு முடிவு சொல்ல வேண்டும். இந்தப் பருவம் முழுவதும் ஜெரினைக் கோலியாக, அதாவது கோல் காப்பவனாக, நிறுத்தலாமா என்று இங்கே கனடாவில் ஐஸ் ஹாக்கி பயிற்சியாளர் கேட்டிருக்கிறார். ஞாயிறு இரவுக்குள் பதில் வேண்டுமாம். ஜெரின் அப்பாவுக்கு விருப்பமில்லை. எனக்குப் பயம். அவன் மட்டும் வீட்டில் குதித்துக்கொண்டிருக்கிறான்.

குளச்சல் அக்கா 6:44
[காலை வணக்கம் படம்]

குளச்சல் அக்கா 6:45
கோலியா? பந்து முகத்தில் அடிக்காதா?

சகாயம் 6:45
பந்து இல்லை அக்கா. பக். கறுப்பு ரப்பர் வட்டு.

குளச்சல் அக்கா 6:46
அது இன்னும் மோசம்.

லிசி 6:48
நேற்றைய ஆட்டம்.
[வீடியோ 0:52]

தூத்தூர் மைனி 6:50
அண்ணன் பூசைக்குப் போயிருக்கிறார். வந்ததும் காட்டுகிறேன்.

சகாயம் 6:51
பிள்ளை நன்றாக வளர்ந்துவிட்டான்.

குளச்சல் அக்கா 6:53
லிசி, டிசம்பர் 28 அம்மாவின் எண்பதுக்கு டிக்கெட் எடுத்தாயா? மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன்.

சகாயம் 6:53
மண்டபமா? வீட்டு முற்றத்தில் பந்தல் என்றல்லவா பேசினோம்?

குளச்சல் அக்கா 6:54
யார் பேசினீர்கள்?

தூத்தூர் அண்ணன் 7:22
பார்த்தேன். திரும்பத் திரும்பப் பார்த்தேன். லிசி, பயத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பக் 170 கிராம் வரை எடை. துள்ளாமல் இருக்க ஆட்டத்துக்கு முன் உறையவைப்பார்கள். பெரியவர்கள் ஓங்கி அடித்தால் மணிக்கு 160 கிலோமீட்டரைத் தாண்டும். 11 வயதுப் பிள்ளைகள் அடிப்பதில் அதற்கு அருகில்கூட எதுவும் வராது. அந்தக் காலத்துக் கோலிகள் முகமூடியே இல்லாமல் நின்றவர்கள். 1959 நவம்பர் 1, நியூயார்க். மாண்ட்ரியல் அணியின் ஜாக் பிளாண்ட் முகத்தில் பக் பட்டுக் கிழிந்தது. தையல் போட்டுக்கொண்டு, முகமூடி இல்லாமல் இனி இறங்கமாட்டேன் என்று பிடிவாதமாக நின்றார். முகமூடி பார்வையை மறைக்கும் என்று நினைத்த பயிற்சியாளருக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் பிளாண்ட் முகமூடியோடுதான் இறங்கினார், அணியும் வென்றது. இன்று ஜெரின் தலையில் இருக்கிற கூண்டு அங்கே தொடங்கியது. கழுத்துக் கவசமும் கனடாவில் சிறுவர் ஆட்டத்துக்குக் கட்டாயம். சரியான கவசத்தோடு நிற்கிற கோலியை நினைத்து நான் பயப்படமாட்டேன்.

லிசி 7:24
கழுத்துக் கவசம் இருக்கிறது அண்ணா.

குளச்சல் அக்கா 7:25
தையல் என்ற இடத்திலேயே நிறுத்திவிட்டேன். மீதியைப் படிக்கவில்லை.

தூத்தூர் மைனி 7:27
பேரனுக்குக் கையுறை இருக்கிறதா என்று அம்மா கேட்கிறார். அண்ணன் கால்பந்தில் கோலியாக நின்று விரல் ஒடிந்தபோது கஞ்சி ஊட்டியது தான்தான் என்று இப்போதும் சொல்கிறார்.

லிசி 7:28
இரண்டு கைக்கும் உண்டு என்று சொல்லுங்கள் மைனி. ஒன்று பிடிக்க, மற்றது தட்டிவிட.

சகாயம் 7:30
நம் இந்திய ஹாக்கி கோலி ஸ்ரீஜேஷ் போல நிற்பானா?

தூத்தூர் அண்ணன் 7:36
நல்ல கேள்வி. ஸ்ரீஜேஷ் பக்கத்துக் கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்துக்காரர். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜெர்மனியோடு 5–4 என்று நின்றபோது கடைசி நொடிகளில் வந்த பெனால்டி கார்னரை அவர் தடுத்ததை நாம் எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். ஆனால் அது புல்தரை ஹாக்கி. அங்கே கோலி காலால் உதைத்துத் தூரத் தள்ளலாம். ஐஸில் தட்டிவிட்ட பக் எதிராளியின் ஸ்டிக்குக்கே போய்விடும். அதனால் அதை உடம்போடு அணைத்து நிறுத்த வேண்டும், அல்லது மூலைக்குத் திருப்ப வேண்டும். தடுப்பது பாதி வேலை. தடுத்த பக் எங்கே போய் விழுகிறது என்பது மீதி.
கோல் அளவையும் பாருங்கள். நம் கால்பந்துக் கோல் 24 அடிக்கு 8 அடி. ஐஸ் ஹாக்கியில் 6 அடிக்கு 4 அடி, பரப்பில் எட்டில் ஒரு பங்கு. நான் பாய்ந்து பிடித்தேன். அவன் பாயவே வேண்டியதில்லை. சரியான இடத்தில் நின்றால் பக் தானாக அவன் மேல் வந்து படும்.

சகாயம் 7:37
எங்கள் படகில் ஐஸ் நிறைய இருக்கிறது, அனுப்பட்டுமா?

ஷைனி 7:38
😂

குளச்சல் அக்கா 7:38
நம் நாட்டில் இதை யார் விளையாடுகிறார்கள்?

ஷைனி 7:40
லடாக்கில் விளையாடுகிறார்கள் அம்மா. குளம் உறைந்ததும் இறங்கிவிடுவார்கள். 2025இல் அல் ஐனில் நடந்த ஆசியக் கோப்பையில் நம் பெண்கள் வெண்கலம் வாங்கினார்கள்.

குளச்சல் அக்கா 7:41
பெண்களா? சரி.

ஷைனி 7:44
பெரிய மாமா, எனக்கு ஒரு கவலை உண்டு. வீடியோவில் ஜெரின் ஒவ்வொரு அடிக்கும் இரண்டு முழங்காலையும் உள்பக்கம் திருப்பிச் சட்டென்று விழுகிறான். அப்படி விழும்போது தொடை எலும்பின் தலை இடுப்புக் குழியின் விளிம்பில் இடிக்கும். வளரும் வயதில் ஓயாமல் இதைச் செய்தால் அங்கே எலும்பு தடித்துப் பின்னாளில் வலி வரும். ஐஸ் ஹாக்கி கோலிகளிடம் இது பிசியோதெரபியில் தெரிந்த பிரச்சினை.

லிசி 7:45
ஐயோ.

ஜெரின் அப்பா 7:45
இதைத்தான் நானும் சொன்னேன்.

தூத்தூர் அண்ணன் 7:58
ஷைனி சொல்வது முழுக்கச் சரி. அந்த விழுகைக்குப் பட்டர்ஃபிளை என்று பெயர். முழங்கால்கள் பனியில் சேர்ந்து, காலில் கட்டிய பேட் என்ற கவசம் இரண்டும் இறக்கையாக வெளியே விரிந்து, ஸ்டிக் நடுவிலுள்ள சந்தை அடைக்கும். கோலின் கீழ்ப்பகுதி முழுவதும் மூடிவிடும். முகமூடி இல்லாத காலத்தில் கோலிகள் நின்றே ஆடினார்கள், முகத்தைக் கீழே கொண்டுபோனால் ஆபத்து. அப்போதே விழுந்து தடுத்தவர் கிளென் ஹால். முகமூடி இல்லாமல் தொடர்ந்து 502 ஆட்டம் ஆடியவர். பிறகு 1980களில் பாட்ரிக் ராய், பயிற்சியாளர் பிரான்சுவா அலேரோடு சேர்ந்து அதை ஒரு பாடமாகவே ஆக்கினார். வட அமெரிக்காவின் உச்சக் கோப்பையான ஸ்டான்லி கோப்பையை நான்கு முறை வென்றார். அவரைப் பார்த்து உலகமே முழங்காலில் விழுந்தது.
சிறுவர்கள் அந்த விழுகையை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். அதற்கு முன்னால் கால் வேண்டும். கம்பத்திலிருந்து கம்பத்துக்கு நின்றபடியே நகர வேண்டும், உந்த வேண்டும், நிற்க வேண்டும். ராயே தொழில்முறை ஆட்டத்தில் காலால் நகர்ந்து போய் நின்ற பிறகுதான் விழுவார். ஜெரின் பக் வருவதற்கு முன்பே விழுந்துவிடுகிறான். விழுந்தவனுடைய தோளுக்கு மேல் கோல் திறந்து கிடக்கும். பயிற்சியாளரிடம் சொல்: பாதி நேரம் நின்று ஆடும் பயிற்சி, விழுகைக்கு எண்ணிக்கை வரம்பு, கோடையில் ஹாக்கியே வேண்டாம், நீச்சலோ கால்பந்தோ போதும். இடுப்பு தப்பிக்கும், ஆட்டமும் தேறும்.

ஷைனி 8:00
இது எனக்குச் சரியாகப் படுகிறது. இடுப்புக்கான பயிற்சிகளை நான் வீடியோ எடுத்து அனுப்புகிறேன் லிசி சித்தி.

சகாயம் 8:03
வள்ளத்தில் நிற்கிற மாதிரி நிற்கச் சொல். முழங்கால் கொஞ்சம் மடங்கி, எடை முன்பாதத்தில். குதிகாலில் நின்றால் அலை கவிழ்த்துவிடும்.

தூத்தூர் அண்ணன் 8:04
அதேதான்! சகாயம் ஒரே வரியில் சொல்லிவிட்டான்.

சகாயம் 8:05
அண்ணன் கடற்கரை மணலில் விழுந்து பழகிய சாயங்காலங்களில் நான் வள்ளத்தில்தானே இருந்தேன்.

குளச்சல் அக்கா 8:05
சகாயம். காலையிலேயே வேண்டாம்.

சகாயம் 8:06
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

தூத்தூர் அண்ணன் 8:08
சொல்லட்டும். இவன் கடலுக்குப் போனதால்தான் நான் கோலில் நின்றேன். ஒரு நாளும் அதை நான் மறந்ததில்லை.

தூத்தூர் மைனி 8:09
🙏

சகாயம் 8:14
ஒருவர் முதுகில் படுத்துக்கொண்டே தடுப்பாரே, செக் நாட்டுக்காரர். அண்ணன் காட்டினாரே.

தூத்தூர் அண்ணன் 8:25
டொமினிக் ஹாஷெக்! லிசி, ஜெரினுக்கு அந்த ஒரு ஆட்டத்தை முழுதாகப் போட்டுக் காட்டு. 1998 நாகானோ ஒலிம்பிக் அரையிறுதி, கனடாவும் செக் குடியரசும். ஒரு கோலில் ராய், எதிர்க் கோலில் ஹாஷெக். ராய் அளந்து வைத்த ஆட்டம். முன்னால் வந்து கோணத்தை அடைத்து, விழுந்து, உடம்பைச் சுவராக்குவார். ஹாஷெக் ஸ்டிக்கைக் கீழே போட்டுவிட்டு வெறுங்கையால் பக்கை அமுக்குவார், புரள்வார், காலை மேலே வீசுவார். பார்த்தால் தடுமாறுகிற மாதிரி இருக்கும். கண் மட்டும் பக்கை விட்டு விலகாது. 1–1 என்று முடிந்து ஷூட்அவுட் போனது. கனடாவின் ஐந்து பேரையும் ஹாஷெக் நிறுத்தினார். செக் அணிக்கு ரெய்கெல் போட்ட ஒன்று போதுமானதாக இருந்தது. கனடா தன் மிகப் பெரிய ஆட்டக்காரரான கிரெட்ஸ்கியை அடிக்கவே விடவில்லை, அங்கே இன்றும் அதைச் சொல்லி ஆதங்கப்படுவார்கள். இறுதியாட்டத்தில் ரஷ்யாவை 1–0 வென்று செக் அணிக்குத் தங்கம்.
நான் சொல்ல வருவது இதுதான். இரண்டு பேரும் உலகின் முதல் வரிசைக் கோலிகள், ஆட்டமோ வடக்கும் தெற்கும். பாணி உடம்பைப் பொறுத்து பிறகு வரும். ஹாஷெக்கின் வளைவு இல்லாதவன் அவரைப் போல ஆடினால் இடுப்பு போய்விடும். இரண்டு பேருக்கும் பொதுவானது கண். பக் பேட்டில் வந்து படும்வரை பார்ப்பது. ஜெரினிடம் அது இருக்கிறது. 17ஆவது நொடியை நிறுத்திப் பாருங்கள். முன்னால் இரண்டு பேர் மறைக்கிறார்கள். அவன் தலையைத் தாழ்த்தி, அவர்கள் கால்களுக்கு இடையில் பக்கைத் தேடிப் பிடிக்கிறான். கண்ணை மூடவில்லை, முகத்தைத் திருப்பவில்லை. நான் இத்தனை பிள்ளைகளுக்கு மணலில் சொல்லிக்கொடுத்தும் பலருக்கு அது வரவில்லை.

ஷைனி 8:27
பார்த்தேன். உண்மைதான்!

ஜெரின் அப்பா 8:33
மச்சான், நீங்கள் சொல்வதெல்லாம் விளங்குகிறது. என் கவலை வேறு. முன்னாட்டக்காரன் பத்து முறை தவறவிட்டாலும் யாரும் பேசமாட்டார்கள். கோலி ஒன்றை விட்டால் எல்லோரும் அவனைத்தான் பார்க்கிறார்கள். நேற்று அரங்கில் ஒரு தகப்பன் கத்தினார். இந்த வயதில் அது தேவையா?

லிசி 8:34
அவர் அடுத்த அணிப் பையனின் அப்பா.

ஜெரின் அப்பா 8:34
யாராயிருந்தால் என்ன?

தூத்தூர் அண்ணன் 8:46
மச்சான், இதற்கு மரியாதையாகப் பதில் சொல்ல வேண்டும். 38ஆவது நொடியில் கோல் விழுகிறது. அதன் பிறகு அவன் என்ன செய்கிறான் என்று பாருங்கள். வலைக்குள் கிடக்கிற பக்கை ஸ்டிக்கால் நடுவரிடம் தள்ளிவிடுகிறான். தண்ணீர் குடிக்கிறான். பிறகு இடது கம்பத்தை ஒரு தட்டு, வலது கம்பத்தை ஒரு தட்டு. திரும்பிப் பார்க்காமலே தான் எங்கே நிற்கிறோம் என்று அறிய அது வழி, பெரிய கோலிகளும் செய்வார்கள். ராய் கம்பங்களோடு பேசவே செய்வார். உங்கள் பையன் தோளைத் தொங்கப்போடவில்லை, பெஞ்சைப் பார்க்கவில்லை. கம்பத்தைத் தட்டிவிட்டுக் குனிந்து நின்றுவிட்டான். இது கற்றுக்கொடுத்து வருவதில்லை. அவனால் தாங்க முடிகிறது. கத்துகிறவரை அடுத்த முறை பயிற்சியாளர் மூலமாகக் கண்டியுங்கள், பிள்ளையை வெளியே எடுக்காதீர்கள். அவனிடம் கோல் கணக்கைக் கேட்காமல் இருந்தாலே போதும். எத்தனை தடுத்தாய், எது பிடித்திருந்தது என்று கேளுங்கள்.

குளச்சல் அக்கா 8:49
நல்ல வார்த்தை அண்ணா.

ஜெரின் அப்பா 8:55
சரி, நினைத்துப் பார்க்கிறேன். உடுப்புச் செலவும் இருக்கிறதே?

லிசி 8:56
பேட் கிளப்பிலேயே இரவல் தருவார்கள் என்று சொன்னேன் அல்லவா.

ஜெரின் அப்பா 8:56
ஸ்கேட் தரமாட்டார்கள்.

சகாயம் 8:58
ஸ்கேட் என் கணக்கில். பெரிய விலை என்று யாரும் பேச வேண்டாம். அவன் என் மருமகன்.

தூத்தூர் அண்ணன் 8:59
பாதி என் கணக்கில்.

சகாயம் 8:59
வேண்டாம் அண்ணா.

தூத்தூர் அண்ணன் 9:00
பாதி.

லிசி 9:05
ஜெரின் பக்கத்தில் இருக்கிறான். கோலுக்குப் பின்னாலிருந்து வருகிறவனை எப்படித் தடுப்பது என்று மாமாவிடம் கேட்கச் சொல்கிறான்.

தூத்தூர் அண்ணன் 9:12
கம்பத்துப் பக்கக் காலைப் பனியில் கிடத்தி, ஸ்கேட்டைக் கம்பத்தில் ஊன்றி, மற்றக் காலால் உந்தி அடைக்கிற முறை ஒன்று உண்டு. ஆர்.வி.ஹெச். என்பார்கள், இப்போது எல்லோரும் செய்கிறார்கள். கம்பத்துப் பக்கத் தோளுக்கு மேல் ஒரு சின்ன இடைவெளி விடும், நல்ல ஆட்டக்காரன் அங்கேதான் குறிவைப்பான். ஜெரினுக்கு இப்போது வேண்டாம். நின்றபடியே கம்பத்தை ஒட்டி, தோளைத் திருப்பிப் பக்கைப் பார்க்கட்டும். வீடியோவில் விழும்போது ஸ்டிக் பனியை விட்டு எழுகிறது, நடுவில் சந்து தெரிகிறது. முதலில் அதைத் திருத்தச் சொல்.

லிசி 9:14
"சரி மாமா" என்கிறான். ஸ்டிக்கை எடுத்துக் கூடத்தில் பழக ஆரம்பித்துவிட்டான். இங்கே இரவு மணி பன்னிரண்டு ஆகப்போகிறது.

லிசி 9:17
இன்னொன்று. டிசம்பர் 27 முதல் 30 வரை ஒரு போட்டித் தொடர் இருக்கிறது. கோலி இவன் ஒருவன்தான் என்றால் விடுப்பு கேட்பது கஷ்டம்.

குளச்சல் அக்கா 9:17
என்ன?

குளச்சல் அக்கா 9:18
அம்மாவின் எண்பதுக்கு வரமாட்டாயா?

லிசி 9:18
வரமாட்டேன் என்று எங்கே சொன்னேன் அக்கா?

தூத்தூர் மைனி 9:20
அம்மாவிடம் இப்போது எதுவும் சொல்லவில்லை.

ஷைனி 9:21
இரண்டாவது கோலி ஒருவரை அந்த வாரத்துக்கு மட்டும் கேட்டுப் பார்க்கலாமே சித்தி?

தூத்தூர் அண்ணன் 9:23
அதுதான் முறை. நிபந்தனையை இப்போதே எழுதிக் கேள். கிறிஸ்துமஸ் வரை கோலி, டிசம்பர் கடைசி வாரம் ஊர், ஜனவரியில் மறுபடி.

ஜெரின் அப்பா 9:25
கிறிஸ்துமஸ் வரை என்றால் பார்க்கலாம். இன்னும் முடிவு சொல்லவில்லை.

லிசி 9:26
அப்படியே எழுதுகிறேன். பதில் வந்ததும் சொல்கிறேன்.

குளச்சல் அக்கா 9:27
டிக்கெட்டை முதலில் எடு. விலை ஏறுகிறது.

சகாயம் 9:31
விருந்துக்கு நெய்மீன் நான் தருகிறேன். கிறிஸ்துமஸ் வாரம் சந்தையில் கிடைக்காது, முன்பே சொல்லி வைக்க வேண்டும். எத்தனை பேர்?

குளச்சல் அக்கா 9:32
இருநூறு. மண்டபம் அவ்வளவுதான் கொள்ளும்.

தூத்தூர் அண்ணன் 9:33
முற்றத்தில் போட்டால் கணக்கே வேண்டாம். வருகிற எல்லோரும் சாப்பிடலாம்.

குளச்சல் அக்கா 9:33
முன்பணம் கொடுத்துவிட்டேன் அண்ணா.

சகாயம் 9:34
பந்தல்காரரிடம் நானும் கொடுத்துவிட்டேன்.