மினிபார் முந்திரி: மிளகா, உப்பா?

பயணப்பை:
நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார்: "கம்பெனி வேலையாகப் போனவன், ஓட்டல் அறையில் தின்பண்டமும் பானமும் விற்பனைக்கு வைத்திருக்கும் குட்டி ஃப்ரிட்ஜை, அந்த மினிபாரைத் திறந்தாலே ஊதாரி." படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. பம்ப் உதிரிபாகம் விற்க மாதம் பன்னிரண்டு நாள் வெளியூரில் கிடக்கிறேன். கம்பெனி தரும் படி ஒரு நாளைக்கு 900 ரூபாய். நான் மினிபாரைத் திறப்பேன். போன மாதம் ஹைதராபாத்தில் இரவு பதினொன்றரை மணிக்குப் பசி. முந்திரிப் பாக்கெட், விலை அட்டையில் 280. தின்றேன். காலையில் எதிர்க்கடையில் அதே கம்பெனிப் பாக்கெட்டை 70 ரூபாய்க்கு வாங்கி, இருந்த இடத்திலேயே சாய்த்து வைத்தேன். 210 மிச்சம். நானா ஊதாரி? ஒரே வித்தியாசம், ஓட்டலில் இருந்தது உப்பு முந்திரி, கடையில் மிளகுதான் கிடைத்தது.

கணக்குப்பிள்ளை:
அதை எழுதியவன் நான்தான், பெயரைச் சொல்லவும் கூச்சமோ? சரி, போகட்டும். உப்பை எடுத்துவிட்டு மிளகை வைத்தீர்களா? அடுத்து வருகிறவர் உப்பு என்று நினைத்துப் பிரித்தால்?

பயணப்பை:
பாக்கெட்டிலேயே மிளகு என்று போட்டிருக்கிறது சார். படிக்கத் தெரிந்தவர்தானே வந்து தங்குவார்.

கணக்குப்பிள்ளை:
விலை அட்டையில் என்ன போட்டிருக்கிறது? உப்பு. உள்ளே என்ன இருக்கிறது? மிளகு. இதற்குப் பெயர் சிக்கனமா?

தயிர்சாதம்:
நான் ஆடிட் வேலைக்குப் போகிறவள். அந்தப் பெட்டி எனக்குத் தயிர் வைக்க மட்டும்தான். ஒரு ஊரில் டப்பாவுக்கு இடம் வேண்டுமென்று மூன்று பீர் பாட்டிலை வெளியே எடுத்து வைத்தேன். தட்டுக்கு அடியில் சென்சார், பாட்டிலை எடுத்தாலே பில்லில் ஏறிவிடும். காலையில் பில்லைப் பார்த்தால் மூன்று பீர்! ரிசப்ஷனில் அரைமணி நேரம் நின்று, ஆளை அறைக்கு அனுப்பி எண்ண வைத்த பிறகுதான் கழித்தார்கள். அலுவலகத்துக்கு அந்தப் பில் போயிருந்தால் என் மானம் என்ன ஆவது? அத்தனைக்கும் தயிர் புளித்துவிட்டது.

பழைய மெக்கானிக்:
புளிக்காமல் என்ன செய்யும்? பல மினிபாரில் கம்ப்ரசரே கிடையாதம்மா. ராத்திரி சத்தம் வரக்கூடாதென்று அம்மோனியாவைச் சூடாக்கிக் குளிர்விக்கும் வகை. பீர் ஏதோ ஜில்லென்று இருக்கும், அவ்வளவுதான். தயிரை நம்பி வைக்காதீர்கள். 1974இல் ஹாங்காங் ஹில்டன் அறைகளில் மதுவோடு இதை வைத்தபோதே நோக்கம் விற்பனைதான். உங்கள் தயிரை யார் நினைத்தார்கள்?

கணக்குப்பிள்ளை:
தயிரை விடுங்கள். மிளகுக்குப் பதில் வரவில்லை.

பயணப்பை:
கடையில் 20 ரூபாய்க்குக் கிடைக்கும் தண்ணீரை ஓட்டலில் 150க்கு விற்கிறார்களே, அதைக் கேளுங்கள் முதலில்.

கணக்குப்பிள்ளை:
கேட்டாயிற்று. 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, ஓட்டல்காரர் பாட்டில் தண்ணீரை எம்ஆர்பிக்கு, அதாவது பாட்டிலில் அச்சடித்த விலைக்கு மேலும் விற்கலாம். அங்கே வெறும் பாட்டிலை விற்கவில்லை, சேவையும் சேர்ந்திருக்கிறது.

பயணப்பை:
என்ன சேவை? மினிபாரில் எவர் வந்து பரிமாறினார்? முட்டி போட்டு எடுத்தது நான்!

கணக்குப்பிள்ளை:
முட்டி போட்டு மிளகை வைத்ததும் நீங்கள்தான்.

தயிர்சாதம்:
சார், நீங்கள் போன வருடம் ஓட்டல் கெட்டிலில் முட்டை வேகவைத்ததைப் பெருமையாக எழுதினவர்தானே? அடுத்து வந்தவர் அதில் டீ போட்டிருப்பாரே, அவரை நினைத்தீர்களா?

கணக்குப்பிள்ளை:
முட்டைக்கு ஓடு இருக்கிறது. கெட்டிலையும் இரண்டு முறை கழுவினேன். ஆறு நாள், பன்னிரண்டு முட்டை, காலைச் சாப்பாட்டுச் செலவே இல்லை. யாரையும் ஏமாற்றவில்லை. உப்பென்று சொல்லி மிளகு வைக்கவில்லை.

பழைய மெக்கானிக்:
வேகும்போது ஒரு முட்டை விரிசல் விட்டது என்று நீங்களேதான் எழுதியிருந்தீர்கள்.

கணக்குப்பிள்ளை:
அது வேறு ஓட்டல்.

பயணப்பை:
அண்ணே, தெரியாமல் கேட்கிறேன், மிச்சப்படுத்திய படிக்காசு யாருக்குப் போனது? உங்கள் பைக்குத்தானே? அப்புறம் என்ன, நீங்கள் யோக்கியர், நான் திருடனா?

கணக்குப்பிள்ளை:
திருடன் என்று நான் சொல்லவில்லை, நீங்களே சொல்லிக்கொள்கிறீர்கள். நான் கேட்டது ஒன்றுதான். எட்டு பதிவு தாண்டிவிட்டது.

பயணப்பை:
நாளை விஜயவாடாவில் இருக்கிறேன். திறக்கத்தான் போகிறேன். உப்பு முந்திரி ஒரு பாக்கெட் இப்போதே பையில் போட்டாயிற்று.

கணக்குப்பிள்ளை:
அங்கே இருப்பது மிளகாக இருந்தால்?