டீசல் வண்டில 11 லிட்டர் பெட்ரோல் ஊத்திட்டாங்க, இன்னும் பெட்ரோல் பங்குலயே தான் நிக்கிறோம், என்ன பண்றது?

காவேரிக்கரை வேணி:

எல்லாருக்கும் வணக்கம், அவசரம்ங்கறதால நேரா விஷயத்துக்கு வந்துடறேன். நானும் அப்பாவும் சென்னைலேர்ந்து திருச்சி போயிட்டிருக்கோம், உளுந்தூர்பேட்டை கிட்ட ஒரு பங்குல டீசல் போட நிறுத்தினோம். வண்டி 2017 ஸ்விஃப்ட் டீசல். ரிசர்வ் விளக்கு எரிய கொஞ்சம் முன்னாடி, உள்ள 6 லிட்டர் இருந்திருக்கும். நான் சீட்ல உக்காந்தபடியே 2,000க்கு போடுங்கன்னு மட்டும் சொன்னேன், டீசல்னு வாய திறந்து சொல்லல. அப்பா டீ குடிச்சிட்டு திரும்பி வந்தவர் மெஷின்ல ஓடுற ரேட்ட பாத்திருக்கார், 101 சொச்சம்னு காட்டுது, டீசல் 92 தானேனு கத்தினார், அதுக்குள்ள 1,150 ரூபா ஓடிடுச்சு. கிட்டத்தட்ட 11 லிட்டர்.

இதுல நான் பண்ணின தப்பு என்னன்னா, பின்னாடி லாரிக்காரர் ஹாரன் அடிக்க பதட்டத்துல ஸ்டார்ட் பண்ணி ஓரமா காத்தடிக்கிற இடத்துக்கு நகத்திட்டேன். 30 செகண்ட் ஓடியிருக்கும். சத்தம் எதுவும் மாறல. இப்போ ஆஃப்.

பங்குல இருக்கவர், அந்த பெட்ரோலுக்கு மேலயே ஃபுல்லா டீசல் அடிச்சிட்டு ஓட்டுங்க மேடம் ஒண்ணும் ஆகாதுங்கறார். இன்னொருத்தர் ஒரு டியூபும் பிளாஸ்டிக் பக்கெட்டும் எடுத்துட்டு வந்து வாயால உறிஞ்சி எடுத்துடலாம்னு நிக்கிறார். அப்பாவுக்கு பிபி வேற இருக்கு, வெயில் தாங்கல. யாராவது தெரிஞ்சவங்க உடனே சொல்லுங்க ப்ளீஸ்.


பட்டறை ராசா:

தங்கச்சி, மொதல்ல சாவிய கையில எடுத்து வச்சுக்கோங்க. ஸ்டார்ட் பண்றது மட்டுமில்ல, ஆன்ல வைக்கவே கூடாது, நிறைய வண்டில சாவிய திருப்பினாலே டேங்குக்குள்ள இருக்க பம்ப் ஓட ஆரம்பிச்சு கலந்தத முன்னாடி தள்ளிடும். ஏசிக்காக கூட போடாதீங்க, அப்பாவ பங்கு ஆபீஸ் உள்ள ஃபேனுக்கு கீழ உக்கார வைங்க, பங்குல குடிதண்ணி இலவசமா குடுத்தே ஆகணும், தயங்காம கேளுங்க.

30 செகண்ட்னா பயப்பட வேண்டாம். டேங்க்லேர்ந்து இன்ஜின் வரைக்கும் உள்ள பைப்புலயும் ஃபில்டர் குடுவைலயும் பழைய டீசல் நின்னுட்டு இருந்திருக்கும், நீங்க நகத்தினப்போ இன்ஜின் குடிச்சது பெரும்பாலும் அதத்தான். அதனாலதான் சத்தம் மாறல.

மேல டீசல் அடிச்சு ஓட்டுங்கன்னு சொல்றவர் பேச்ச கேக்காதீங்க. 42 லிட்டர் டேங்க்ல 11 லிட்டர் பெட்ரோல்னா ஃபுல் பண்ணினாலும் கால் பங்கு பெட்ரோல்தான். டீசல் பம்புக்கு தனியா கிரீஸ் ஆயில் எதுவும் கிடையாது, அது அழுத்துற டீசலே தான் அதுக்கு எண்ணெய். பெட்ரோல் அப்படி இல்ல, இருக்கிற வழவழப்பையும் கழுவிட்டு போயிடும். இரும்பு மேல இரும்பு தேஞ்சு வர்ற பொடி, இன்ஜினுக்குள்ள டீசல பீய்ச்சற இன்ஜெக்டருக்குள்ள நேரா போகும். உங்க டயர்ல இருக்கிற காத்து 2 பார் சொச்சம், இந்த பம்ப் ஆயிரம் பாருக்கு மேல அழுத்துது, அந்த அழுத்தத்துல பவுடர் மாதிரி இருக்க இரும்பு என்ன பண்ணும்னு பாத்துக்கோங்க. பம்ப், அழுத்தின டீசல் நிக்கற ரெயில்ங்கற குழாய், நாலு இன்ஜெக்டர்னு மாத்த போனா சின்ன வண்டிக்கே லட்சத்த தாண்டும். டேங்க கழட்டி கழுவ ஆகுறது அதுல ஒரு சின்ன பங்கு தான்.

இழுவை வண்டி கூப்பிடுங்க, மேல ஏத்திட்டு போற பிளாட்பெட்டா கேளுங்க.


நெய்வேலி செந்தில்:

அந்த டியூப்காரர உடனே நிறுத்துங்க மேடம், கெஞ்சி கேக்கறேன். என் சொந்தக்கார பையன் பைக்ல பெட்ரோல் உறிஞ்சப்போ புரையேறி நெஞ்சுக்குள்ள போயி, நிமோனியா மாதிரி ஆகி 9 நாள் ஆஸ்பத்திரில கிடந்தான். ஒரு மடக்கு நுரையீரலுக்குள்ள போனாலே போதும். இத படிக்கிற மத்தவங்களும் கேட்டுக்கோங்க, யாராவது முழுங்கிட்டா உப்புத்தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வைக்காதீங்க, வெளிய வரும்போது தான் திரும்பவும் நெஞ்சுக்குள்ள போகும், நேரா டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க.

ரெண்டாவது அந்த பிளாஸ்டிக் பக்கெட். பெட்ரோல் விழும்போதே அதுல ஸ்டேடிக் சார்ஜ் சேரும், பிளாஸ்டிக்ல அது தரைக்கு இறங்க வழி கிடையாது, ஒரு சின்ன பொறி போதும். டீசல் தானே பாதினு நினைக்கவே நினைக்காதீங்க, இவ்ளோ பெட்ரோல் கலந்ததுக்கப்புறம் அது தீப்பிடிக்கிற விஷயத்துல பெட்ரோல் மாதிரி தான். மத்தியான வெயில், பக்கத்துல வண்டி வந்து போற இடம், டீக்கடை வேற இருக்கும். வேண்டவே வேண்டாம்.


மார்க் ஃபோர் மாமா:

எல்லாரும் ரொம்ப பயமுறுத்தற மாதிரி இருக்கு. நாங்க அம்பாசிடர் டீசல் ஓட்டின காலத்துல ஊட்டி குளிருக்கு கொஞ்சம் பெட்ரோல் கலந்து ஊத்தி தான் காலைல ஸ்டார்ட் பண்ணுவோம், வருஷக்கணக்கா ஓடிச்சு. மெதுவா ஓட்டி வீடு போய் சேருங்கம்மா, அப்புறமா வீட்லயே ஜாக்கி போட்டு டேங்க இறக்கிக்கலாம், அப்பாவே பண்ணிடுவார்.


பட்டறை ராசா:

மாமா, நீங்க சொல்றது அந்த வண்டிக்கு சரிதான், நானும் அந்த இன்ஜின்ல தான் தொழில் கத்துக்கிட்டேன். அது பழைய மெக்கானிக்கல் பம்ப், அழுத்தமும் கம்மி, கொஞ்சம் கலந்தா தாங்கும். இது காமன் ரெயில், நான் சொன்ன அந்த ஆயிரம் பார் அழுத்தத்துல ஓடற வேற ஜாதி. இதுக்கு அந்த கணக்கு ஆகாது மாமா.

வீட்ல ஜாக்கி போட்டு டேங்க் இறக்கறத பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். வண்டியோட வர்ற ஜாக்கி டயர் மாத்த மட்டும் தான், அது தூக்கி நிக்கும்போது உடம்ப கீழ நுழைக்கவே கூடாது. என் பட்டறைக்கு எதிர்ல இருந்த கடைல ஒரு பையன் ஸ்டாண்ட் வைக்காம ஜாக்கிய மட்டும் நம்பி சைலன்சர் போல்ட் திருகினான், ஜாக்கி சரிஞ்சு தோள்பட்டை போச்சு, இன்னிக்கு வரைக்கும் வலது கைய தலைக்கு மேல தூக்க முடியாது. டேங்க் வேலைல அதோட சேந்து பெட்ரோல் ஆவியும் கீழயே தேங்கும், அது காத்த விட கனம், தரையோட தரையா பரவி ரெண்டு ரூம் தள்ளி இருக்க கேஸ் அடுப்பு வரைக்கும் போகும். பட்டறைல நாங்க பேட்டரி டெர்மினல கழட்டிட்டு, தீயணைப்பு சிலிண்டர கைக்கு எட்டற தூரத்துல வச்சுட்டு தான் தொடுவோம்.


கொங்கு டிரைவர்:

அக்கா பில்லு வாங்கினீங்களா? இல்லைன்னா இப்பவே வாங்குங்க, அதுல என்ன எண்ணெய், எந்த நாசில் (டேங்குக்குள்ள விடற குழாய் மூக்கு), எத்தன லிட்டர், எத்தன மணினு எல்லாம் இருக்கும். மெஷின் ரீடிங்கையும் ஒரு படம் எடுத்துக்கோங்க, அடுத்தவர் போட்டா அழிஞ்சிடும். அப்புறம் மேனேஜர பாத்து புகார் புத்தகம் கேளுங்க, எல்லா பங்குலயும் அது இருக்கணும். சண்டை போட வேண்டாம், நிதானமா நடந்தத மட்டும் எழுதி கேமரா பதிவ எடுத்து வைக்க சொல்லுங்க. பையன வேலைய விட்டு தூக்கறதுக்காக இல்ல, இழுவை செலவு கேக்கறதுக்காக.

இன்சூரன்ஸ் பேப்பர்ல ரோட்சைட் அசிஸ்டன்ஸ் எடுத்திருக்கீங்களானு பாருங்க, நிறைய பாலிசில தப்பான எண்ணெய் போட்டா வண்டிய இழுத்துட்டு போறதும் சேத்தியே வரும். ஆனா இன்ஜின் கெட்டா சாதாரண பாலிசில பணம் வர்றது கஷ்டம், அதுக்கு இன்ஜின் ப்ரொடெக்ட்னு தனியா ஒரு கவர் பாலிசியோட சேத்து எடுத்திருக்கணும், அதுலயும் தெரிஞ்சே ஓட்டினா குடுக்க மாட்டாங்க. அதுக்காகவாவது ஓட்டாதீங்க.

நீங்க பங்குக்குள்ள நிக்கறதால பரவால்ல. இதுவே பாதி வழில ஹைவேல நின்னிருந்தா 1033 அடிக்கணும், நேஷனல் ஹைவே ஹெல்ப்லைன், ரோந்து வண்டியும் கிரேனும் அனுப்பி ஓரம் கட்டி குடுப்பாங்க. அது வர்ற வரைக்கும் வண்டிக்குள்ள உக்காரவே கூடாது, ஹசார்ட் விளக்கு போட்டு முக்கோணத்த நல்லா பின்னாடி தள்ளி வச்சுட்டு எல்லாரும் கம்பி தடுப்புக்கு அந்தப்பக்கம் போய் நிக்கணும். நின்ன வண்டிய பின்னாடி வந்து அடிக்கிறது அந்த ரோட்ல நான் ரெண்டு தடவ கண்ணால பாத்திருக்கேன், லோடு ஓட்டறவன் சொல்றேன், ராத்திரி எங்களுக்கு நிக்கற கார் கடைசி நிமிஷம் வரைக்கும் ஓடற கார் மாதிரியே தான் தெரியும்.


காவேரிக்கரை வேணி:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. நேத்து இத படிச்சதும் டியூப்காரர அனுப்பிட்டோம், சாவி அப்பா சட்டை பைல. பாலிசில அசிஸ்டன்ஸ் இருந்தது, ஒன்றரை மணி நேரத்துல பிளாட்பெட் வந்து விழுப்புரத்துல ஒரு பட்டறைக்கு ஏத்திட்டு போனாங்க.

அங்க நடந்தத எழுதறேன், வேற யாருக்காவது உதவும். பேட்டரிய கழட்டிட்டு டேங்க இறக்கினாங்க, கலந்த எண்ணெய மூடி போட்ட இரும்பு கேன்ல பிடிச்சாங்க, கேனுக்கும் வண்டிக்கும் ஒரு ஒயர் மாட்டினாங்க. எதுக்குனு கேட்டேன், செந்தில் சார் சொன்ன அதே பொறி விஷயம் தான். டேங்க கழுவி, பைப்புக்கு புது டீசல் விட்டு தள்ளி, ஃபில்டர மாத்தினாங்க. பழைய ஃபில்டர மெக்கானிக் அண்ணன் என் எதிர்லயே வெட்டி, உள்ள இருந்த டீசல ஒரு வெள்ள வேட்டி துணில ஊத்தி டியூப்லைட்டுக்கு கீழ பிடிச்சு இப்படி அப்படி சாய்ச்சு பாத்தார். பம்ப் தேஞ்சிருந்தா மீன் செதில் மாதிரி மின்னுமாம். எதுவும் மின்னல, மங்கலா கறுப்பு அழுக்கு மட்டும் தான். எனக்கு அப்போ தான் மூச்சு வந்தது. அப்புறம் கையால அமுக்கற சின்ன பம்புல காத்த எல்லாம் வெளியேத்தி, ரெண்டாவது தடவைலயே ஸ்டார்ட் ஆயிடுச்சு.

மொத்தம் 6,800 ஆச்சு. பங்கு மேனேஜர் பில்லையும் புகார் புத்தகத்துல எழுதினதையும் பாத்துட்டு, மறுப்பு சொல்லாம கூலிய குடுத்துட்டார், ஃபில்டரும் புது டீசலும் என் செலவு. ஊத்தின தம்பிக்கு 19 வயசு தான் இருக்கும், வேலைக்கு சேந்து நாலாவது நாளாம், அழுதுட்டான். நானும் டீசல்னு சொல்லலயேனு அவன்கிட்டயே சொன்னேன்.

ஒரு சந்தேகம், பெட்ரோல் நாசில் டீசல் டேங்குக்குள்ள எப்படி போச்சு? மாத்தி மாத்தி போகாத மாதிரி தான் செஞ்சிருப்பாங்கனு நினைச்சேன்.


நெய்வேலி செந்தில்:

நல்ல சேதி மேடம், அப்பா எப்படி இருக்கார்?

நாசில் விஷயம் ஒருபக்கம் தான் வேலை செய்யும். பெரும்பாலும் டீசல் நாசில் தடிமன், பெட்ரோல் நாசில் ஒல்லி, அதனால டீசல பெட்ரோல் கார்ல விட போனா பல வண்டில வாய்ல முட்டும். ஆனா ஒல்லி நாசில் டீசல் கார்ல சறுக்கிட்டு உள்ள போயிடும். மோசமா கெடறதும் அந்தப்பக்கம் தான். பெட்ரோல் கார்ல டீசல் விட்டா வெள்ள புகை விட்டு திணறி நின்னுடும், பிளக் எல்லாம் அழுக்காகும், கழுவி எடுத்தா பெரும்பாலும் பொழச்சிக்கும்.

அதனால டீசல் வண்டி வச்சிருக்கவங்க இறங்கி நின்னு தான் போடணும். எண்ணெய் பேர சத்தமா சொல்லி, அவங்க திருப்பி சொல்ற வரைக்கும் மூடிய திறக்காதீங்க. மீட்டர்ல சைபர பாக்க எல்லாருக்கும் தெரியும், பக்கத்துல ஓடற ரேட்டையும் ஒரு பார்வை பாருங்க, உங்கள காப்பாத்தினது அது தானே. அளவுல சந்தேகம்னா முத்திரை போட்ட 5 லிட்டர் குடுவைல அளந்து காட்ட சொல்லி கேக்கலாம், அது நம்ம உரிமை.


பட்டறை ராசா:

துணி மின்னலைன்னா கவலை விட்டது தங்கச்சி. இன்னும் ரெண்டு வேலை பாக்கி. டேங்க் இறக்கி மாட்டின வண்டிங்கறதால நாலஞ்சு நாளைக்கு காலைல எடுக்கறதுக்கு முன்னாடி பின்சீட்டுக்கு கீழ தரைல ஈரம் இருக்கா, உள்ள டீசல் வாசனை அடிக்குதா பாருங்க, வாஷர் சரியா உக்காரலைன்னா அப்போ தெரிஞ்சிடும். வாசனை வந்தா எடுக்காதீங்க, பட்டறைய வீட்டுக்கு வர சொல்லுங்க. இன்னொண்ணு, 500 கிலோமீட்டர் ஓடினதும் புது ஃபில்டரையும் ஒரு தடவ திறந்து அதே மாதிரி வெள்ள துணில ஊத்தி பாத்துடுங்க. அதுவரைக்கும் டேங்க பாதிக்கு கீழ இறக்காம ஓட்டுங்க, ஏற்றத்துல விரட்ட வேண்டாம்.


காவேரிக்கரை வேணி:

அப்பா நல்லா இருக்கார் செந்தில் சார். ராசா அண்ணா, இன்னிக்கு 512 கிலோமீட்டர் ஆச்சு, திருச்சில பட்டறைல குடுத்து திறந்தோம். அப்பாவே துணிய வெயில்ல பிடிச்சு கண்ணாடி போட்டு பத்து நிமிஷம் பாத்தார். சுத்தமா இருக்கு. தரைலயும் ஈரம் இல்ல.