புதுப்பிப்பு: ஆல்ப் துயெஸ் ஏறிவிட்டேன்

மேடே இல்லாத நம்ம ராமநாதபுரம் கடற்கரையில் பயிற்சி எடுத்து, டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தய வீரர்கள் ஏறும், பிரான்ஸின் ஆல்ப் துயெஸ் மலையில் சைக்கிள் மிதிக்க முடியுமா என்று சித்திரையில் கேட்டிருந்தேன். "எதிர்காற்றுதான் உங்க மலை" என்றார் ஒருவர். அதையே பிடித்துக்கொண்டேன். ஆடிக் காற்றில் பாம்பன் பாலம் தாண்டி உச்சிப்புளி வரை, மேற்கே பார்த்து வாரம் மூன்று நாள் மிதித்தேன்.

போன வாரம் ஏறிவிட்டேன்! 13.8 கிலோமீட்டர், சராசரி 8.1 சதவீத ஏற்றம், 1 மணி 41 நிமிடம். மொத்தம் 21 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு பலகை, அதில் டூர் டி பிரான்ஸின் இந்த மலைக் கட்டத்தில் வென்றவர் பெயர். எண் 21இல் தொடங்கிக் குறைந்துகொண்டே வரும். கீழே முதல் பலகையில் இத்தாலிய வீரர் ஃபாஸ்டோ கோப்பி, 1952இல் இங்கே முதலில் வென்றவர். அந்தப் பெயரைத் தொட்டபோது கை நடுங்கியது.

தொடக்கத்து 2 கிலோமீட்டர்தான் ரொம்பச் செங்குத்து. அங்கே காற்றுப் பயிற்சி கைகொடுத்தது, காற்றும் ஏற்றமும் ஒரு நொடிகூடக் காலை ஓயவிடாது. ஆனால் இறக்கத்துக்கு நான் தயாராகவே இல்லை. பிரேக் பிடித்தே விரல்கள் மரத்துவிட்டன. போகிறவர்கள் முதலில் கொல்லிமலையின் 70 வளைவுகளில் இறங்கிப் பழகிக்கொள்ளுங்கள்.