தொடக்கப் பள்ளியில் நாடகம்: வாசிக்கக் கற்றுத் தருமா, வாசிக்கத் தெரியாததை மறைக்குமா?

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், தமிழ்வழி எல்.பி. (கீழ்நிலைத் தொடக்க) பள்ளி ஒன்றில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்துகிறேன். வாரத்தில் இரண்டு தமிழ்ப் பாடவேளைகளை வாசிப்பு நாடகத்துக்கு ஒதுக்கலாம் என்று பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் கழக) கூட்டத்தில் சொன்னபோது, வந்திருந்த பெற்றோரில் பெரும்பாலோர் எதிர்த்தார்கள். பிள்ளைகள் எழுத்துக் கூட்டவே தடுமாறும்போது நாடகம் எதற்கு என்பது அவர்கள் கேள்வி. என் பார்வை நேர்மாறானது. ஒரே பத்தியை மூன்றாம் முறை வாசிக்கச் சொன்னால் எட்டு வயதுப் பிள்ளை சலித்துக்கொள்ளும். அதே பத்தி நரிக்கும் காகத்துக்கும் நடக்கும் பேச்சாக இருந்தால், தன் முறை எப்போது வரும் என்று காத்திருந்து வாசிக்கும். சரளம் என்பது பெரும்பாலும் திரும்பத் திரும்ப வாசிப்பதால்தான் வருகிறது. அப்படி வாசிப்பது தண்டனையாகத் தோன்றாமலிருக்கப் பிள்ளைக்கு ஒரு காரணம் வேண்டும், நாடகம் அதைத் தருகிறது. ஆசிரியர்களும் பெற்றோரும் தங்கள் கருத்தைச் சொல்ல வேண்டுகிறேன்.

வேலந்தாவளம் அப்பா:
டீச்சர், நான் எதிர்த்தவர்கள் பக்கம். நான்காம் வகுப்பில் படிக்கும் என் மகள், சென்ற ஆண்டு விழாவில் ஔவையாராக வேடமிட்டு, ஒரு சொல்லும் பிசகாமல் பேசிக் கைதட்டல் வாங்கினாள். மறுநாள் அதே வசனத்தாளைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். மூன்றாவது வரியில் நின்றுவிட்டாள். காதால் கேட்டு மனப்பாடம் செய்தாளே தவிர, அந்தத் தாளை அவள் வாசித்ததே இல்லை. வாசிக்கத் தெரியாததை நாடகம் மறைத்துவிட்டது, அதுவும் ஊரே பாராட்டும் விதத்தில்.

எழுத்தின் சிக்கலையும் பாருங்கள். ஆகாரத்துக்குத் துணைக்கால் என்று ஒருமுறை பழகிவிட்டால் எல்லா மெய்க்கும் அது பொருந்தும். உகர, ஊகார வரிசைகள் அப்படியல்ல. கு, சு, து, மு என்று ஒவ்வொன்றும் வேறு வேறு விதமாக வளைகின்றன. கெ, கே, கை ஆகியவற்றில் பின்னால் ஒலிக்கும் உயிரின் குறி முன்னால் வந்து நிற்கிறது. கொ, கோ என்றால் இரு பக்கமும் நிற்கிறது. இவை எழுதி, அழித்து, மீண்டும் எழுதித்தான் கைவசமாகும். போதாக்குறைக்கு, எங்கள் எல்லைப்புறத்துப் பிள்ளைகள் ஏறத்தாழ இதே வயதில் மலையாள எழுத்தையும் சேர்த்துப் படிக்கிறார்கள். இருக்கும் நேரத்தில் இரண்டு பாடவேளைகளை ஆட்டத்துக்குக் கொடுத்துவிட்டால், அந்தப் பயிற்சி வீட்டுக்கு வந்து சேரும். வீட்டில் அதைச் செய்விக்க எல்லோருக்கும் நேரம் ஏது?

மறையூர் மாஷ்:
வேலந்தாவளம் ஐயா சொல்வது ஆண்டு விழா நாடகம், டீச்சர் கேட்பது வகுப்பறையில் தாளைப் பார்த்து வாசிப்பது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க வேண்டாம். ஆனால் வீடு பற்றி அவர் சொன்னதை இடுக்கியிலிருந்து நான் வழிமொழிகிறேன். கேரளத்தில் அண்மை ஆண்டுகளாக முதல் வகுப்பில் ‘சம்யுக்த டயரி’ என்று ஒன்று நடக்கிறது. பிள்ளை தனக்குத் தெரிந்த எழுத்துகளைப் பென்சிலில் எழுத, தெரியாதவற்றைப் பெற்றோர் பேனாவில் நிரப்பித் தர வேண்டும். அருமையான ஏற்பாடு; பென்சில் கூடுவதையும் பேனா குறைவதையும் பக்கத்துக்குப் பக்கம் கண்ணால் பார்க்கலாம். ஆனால் விடிந்ததும் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போய் அந்தியில் திரும்பும் தாயால் தினமும் அதில் உட்கார முடிவதில்லை. ஆகவே எந்தத் திட்டமானாலும் வீட்டை நம்பாமல் பள்ளிக்குள்ளேயே முடிய வேண்டும்.

வேலந்தாவளம் அப்பா:
இன்னொன்றும் உண்டு, மாஷ். எல்லையோரத்தில் என்னைப் போல மலையாள வழியில் படித்த தமிழ்ப் பெற்றோர் நிறையப் பேர். தமிழ் பேசுவோம், தட்டுத் தடுமாறி வாசிப்போம். ஆனால் பேனாவைக் கொடுத்துத் தமிழில் நிரப்பச் சொன்னால் லகர, ளகர, ழகரத்தில் எங்கள் பிள்ளைகளே எங்களைத் திருத்துவார்கள்.

பொள்ளாச்சி, ஓய்வு பெற்ற ஆசிரியர்:
தமிழ்நாட்டுப் பக்கம் பணியாற்றியவன் என்ற முறையில் ஓர் எச்சரிக்கை. பிள்ளைகள் அட்டைகளைக் கொண்டு அவரவர் வேகத்தில் படிப்படியாகக் கற்கும் செயல்வழிக் கற்றல் முறை 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007 வாக்கில் மாநிலம் முழுவதும் வந்தது. அட்டைகள், ஏணிப்படிகள், தரையில் வட்டமாக அமர்தல் எல்லாம் அழகாகத்தான் இருந்தன. நல்ல ஆசிரியர் கையில் அது வேலை செய்தது. மற்ற இடங்களில் அட்டை நகர்ந்தது, பிள்ளை நகரவில்லை. மகிழ்ச்சியான வகுப்பறை என்ற தோற்றத்தைப் பார்த்துவிட்டு வரும் அதிகாரி, எந்தப் பிள்ளை எந்த வரியில் நிற்கிறது என்று கேட்பதில்லை. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்தது எனக்குப் பிடித்தது, அந்தந்தப் பிள்ளை வாசிக்கக்கூடிய பாடத்தை அதன் கையில் கொடுக்க முடிந்ததால். டீச்சரின் நாடகத்தில் அரும்பு நிலைப் பிள்ளைக்கு என்ன வேலை? மரமாக நிற்பதா?

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
மரமாக நிற்பதைத்தான் நானும் ஒழிக்க நினைக்கிறேன், ஐயா. முறையை விரிவாகச் சொல்கிறேன்.

வேடமும் ஒத்திகையும் கிடையாது, மனப்பாடம் கூடவே கூடாது. வசனங்கள் தனித்தனிச் சீட்டுகளில் இருக்கும். சில சீட்டுகளில் ‘வா’, ‘போ’, ‘பார் பார்’ போன்ற சிறு சொற்கள், சிலவற்றில் ஒரு வரி, சிலவற்றில் நான்கு வரிகள். அரும்பு நிலைப் பிள்ளைக்கும் கதை நகரத் தேவையான ஒரு சீட்டு உண்டு. ஒவ்வொரு முறையும் குலுக்கிப் போட்டு, அவரவர் நிலைக்குள்ளேயே பாத்திரம் மாறும். நேற்று காகமாக இருந்தவன் இன்று நரி என்றால், காதில் விழுந்ததை ஒப்பிக்க வழியில்லை, சீட்டைப் பார்த்தே தீர வேண்டும். வேலந்தாவளம் ஐயா தம் மகளிடம் கண்ட குறைக்கு நான் வைத்திருக்கும் மருந்து இதுதான்.

அடுத்தது திரை. நம் பாலக்காட்டுப் பகவதி கோயில்களின் கூத்துமாடங்களில், அதாவது கூத்துக்கென்றே கட்டிய மேடைகளில், தோல்பாவைகளின் நிழலைத் திரையில் காட்டும் தோல்பாவைக்கூத்து நடக்கிறதல்லவா? மலையாள நாட்டில், கம்பராமாயணப் பாடல்களைத் தமிழிலேயே பாடி, 21 விளக்குகளின் ஒளியில் புலவர்கள் என்று அழைக்கப்படும் கூத்துக் கலைஞர்கள் பாவைகளை ஆட்டுகிறார்கள். எங்கள் பிள்ளைகளில் பலர் அதைப் பார்த்தவர்கள். வகுப்பில் ஒரு பழைய வெள்ளை வேட்டி, ஒரு விளக்கு, அட்டையில் வெட்டிய பாவைகள் போதும். கூச்சப்படும் பிள்ளை யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. விளக்கு திரைக்குப் பின்னால் இருப்பதால் அங்கே தாளை வாசிக்க வெளிச்சமும் உண்டு. கையில் தாள் இருப்பது பார்ப்பவருக்குத் தெரியாது. மேடை நாடகம் தாளைக் கைவிடச் சொல்கிறது, பாவை நாடகம் தாளைப் பிடித்துக்கொள்ள இடம் கொடுக்கிறது. வாசிப்பை ஜூன் 19 வாசிப்பு நாள் சுவரொட்டிகளோடு நிறுத்திவிடும் நம் பள்ளிகள், ஊரிலேயே இருக்கும் இந்தக் கலையை ஏன் பயன்படுத்துவதில்லை என்று எனக்கு நெடுநாளாக வியப்பு உண்டு.

வேலந்தாவளம் அப்பா:
திரை நல்ல யோசனை, மறுக்கவில்லை. வாசிப்புக்கு இவ்வளவு சொன்னீர்கள். எழுத்துக்கு என்ன வழி? பிள்ளைகளே வசனம் எழுதினால், கொங்குப் பேச்சும் மலையாளமும் கலந்த வீட்டுப் பேச்சைத்தான் எழுதுவார்கள். அதுவே பழகி, தேர்வுத் தாளிலும் ‘அவன் வந்துட்டான்’ என்று எழுதினால் மதிப்பெண் யார் தருவார்கள்?

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
கூத்தில் கட்டியங்காரன் இருப்பதுபோல ஒவ்வொரு நாடகத்திலும் கதை சொல்பவர் ஒருவர் இருப்பார். அவருடைய சீட்டுகள் முழுவதும் பாடநூல் தமிழில் இருக்கும். பாத்திரங்கள் வீட்டுத் தமிழில் பேசும். ஒரே கதையில் இரண்டையும் அடுத்தடுத்து வாசிக்கும் பிள்ளைக்கு எது எங்கே பொருந்தும் என்பது தானாகப் பிடிபடும். நாடகம் முடிந்ததும் எழுத்துவேலை: நரி பேசிய நான்கு வரிகளைக் கதை சொல்பவர் சொல்வதுபோல மாற்றி எழுத வேண்டும். வினைமுற்றை மாற்றாமல் அதைச் செய்யவே முடியாது. உகர வரிசையைத் தனியாக எழுதிப் பழகுவதை நான் நிறுத்தப் போவதில்லை. அதற்கு மற்ற பாடவேளைகள் இருக்கின்றன.

பொள்ளாச்சி, ஓய்வு பெற்ற ஆசிரியர்:
அப்படியானால் அளவுகோலையும் சொல்லிவிடுங்கள். நாடகத்தில் வந்த கதையை வைத்துச் சோதிக்காதீர்கள். மாதம் ஒருமுறை, பிள்ளை இதுவரை பார்த்திராத ஒரு சிறு பத்தியைத் தனியே அழைத்து வாசிக்கச் சொல்லி, எங்கே நிற்கிறது என்று குறித்து வையுங்கள். பெற்றோருக்கு அந்தக் குறிப்பைக் காட்டுங்கள்; நாடகத்தைக் காட்ட வேண்டிய அவசியமே இல்லை.

வேலந்தாவளம் அப்பா:
அந்தக் குறிப்பைக் காட்டுவதாக இருந்தால், எங்கள் பள்ளியில் இப்படி ஒரு திட்டம் வந்தாலும் அரையாண்டு வரை எதிர்க்க மாட்டேன். அதற்குள் பிள்ளைகள் முன்னேறாவிட்டால் பாடவேளைகள் எழுத்துப் பயிற்சிக்கே திரும்ப வேண்டும் என்பதில் மாற்றமில்லை. கூடவே ஒரு நிபந்தனை: உபஜில்லா கலோத்சவம் (உள்மாவட்டப் பள்ளிக் கலைவிழா) நெருங்கும்போது, பத்யம் (செய்யுள்) சொல்லப் போகும் இரண்டு மூன்று பிள்ளைகளின் ஒத்திகைக்காக பாடவேளைகளைப் பிடுங்கிக்கொள்ளும் வழக்கம் உண்டு; இந்த நேரத்துக்கு அப்படி நடக்கக் கூடாது.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
அரையாண்டு எனக்குப் போதாது; ஆண்டு முழுவதும் வேண்டும் என்றுதான் கேட்பேன். கலோத்சவம் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. அடுத்த பி.டி.ஏ. தீர்மானத்தில், இந்த இரண்டு பாடவேளைகளை வேறு எந்த ஒத்திகைக்கும் எடுக்கக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொள்கிறேன்.