மறுமொழி: ஓரல் ஃப்ளூயிட் டெஸ்ட் – உமிழ்நீரா, வாய்நீரா?

அனைவருக்கும் வணக்கம். வாயிலிருந்து நீர் எடுத்துப் போதைப்பொருள் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் ஓரல் ஃப்ளூயிட் டெஸ்ட். அதற்கும் அதைச் சேர்ந்த சொற்களுக்கும் தமிழில் என்ன எழுதுவது என்று நடக்கும் பேச்சில் என் பதில் இது.

> உமிழ்நீர் என்று பாடநூலிலேயே இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

சலைவா என்றால் உமிழ்நீர்தான், அதில் சண்டையே இல்லை. ஆனால் நம் கையில் இருக்கும் சொல் சலைவா இல்லையே, ஓரல் ஃப்ளூயிட். அமெரிக்க நடுவண் அரசுப் பணியிடங்களுக்காக 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த வழிகாட்டுதலிலும், லாரி ஓட்டுநர், விமானி போன்றவர்களுக்காக 2023-இல் அங்கே போக்குவரத்துத் துறை திருத்திய விதியிலும் வருவது இந்தச் சொல்தான். காரணத்தோடுதான் அப்படி எழுதியிருக்கிறார்கள். பெரிய சுரப்பிகள் மூன்று சோடி, கூடவே சிறியவை பல, இவை சுரப்பது உமிழ்நீர். கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே பஞ்சு வைத்த குச்சியைச் செருகி எடுக்கும்போது அதில் ஏறுவதோ ஒரு கலவை: உமிழ்நீர், ஈறு இடுக்கில் கசியும் நீர், உதிர்ந்த செல்கள், சில நேரம் சாப்பிட்ட மிச்சம்கூட.

இது வெறும் நுணுக்கம் இல்லை. கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஹெச்சி ரத்தத்திலிருந்து உமிழ்நீருக்கு வருவது மிகக் குறைவு. புகைக்கும்போது வாயின் உள்தோலில் படிந்ததுதான் பிறகு அங்கிருந்து ஊறி வந்து சோதனையில் சிக்குகிறது. ஆம்ஃபெட்டமைன், கோக்கெயின் கதை வேறு. அவை காரத்தன்மை உள்ளவை, ரத்தத்தின் பிஹெச் (அமில-கார அளவு) 7.4, வாயில் பொதுவாக அதைவிடக் குறைவு, அதனால் ரத்தத்திலிருந்து கசிந்து வந்தவை இங்கே மின்னேற்றம் பெற்றுத் திரும்பிப் போக முடியாமல் தங்கிவிடும், ரத்தத்தில் இருப்பதைவிட வாயில் அதிகமாகவே கிடைக்கும். பென்சோடயசிபைன் வகைத் தூக்க மாத்திரைகளோ ரத்தத்தில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொண்டே சுற்றுகின்றன, வாய்க்கு வருவது சொற்பம். ஆக வாயில் படிந்தது, ரத்தத்திலிருந்து வந்தது இரண்டுக்கும் பொருந்துகிற சொல் வேண்டும். உமிழ்நீர் என்றால் எல்லாமே சுரப்பி வழியாக வந்ததுபோல ஆகிவிடும். என் வாக்கு வாய்நீருக்கு.

வாய்நீர் என்றால் குழந்தைக்கு வடிவது இல்லையா என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு ஈழத்தில் வீணீர் என்று தனிச்சொல்லே இருக்கிறது, சென்னையில் இருக்கும் சொல்லை நான் எழுத வேண்டியதில்லை.

> எச்சில் என்றால் எல்லாருக்கும் புரியுமே.

புரியும், புரிவதுதான் சிக்கல். எச்சில் இலை, எச்சில் தட்டு என்று பழகிய நாம் அதை அரசுப் படிவத்தில் ஏற்ற முடியாது. தவிர "எச்சில் மாதிரி கொடுங்கள்" என்று ஒரு வரியைக் கற்பனை செய்து பாருங்கள்; எச்சிலையா கேட்கிறார்கள், எச்சில்போல எதையாவது கேட்கிறார்களா?

அடுத்து, டிரக் (drug) டெஸ்ட். மருந்துச் சோதனை என்றால் புதுமருந்தைச் சோதிப்பது என்று ஆகிவிடும். ஊக்கமருந்துச் சோதனை விளையாட்டு வீரர்களுக்கு, அங்கே எடுப்பது சிறுநீரும் ரத்தமும். போதைச் சோதனை என்ற பரிந்துரையைத்தான் நான் கடுமையாக எதிர்க்கிறேன். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2004 டிசம்பரில் சாலையில் வண்டிகளை நிறுத்தி வாய்நீர் எடுக்கத் தொடங்கினார்கள். சட்டம் அங்கே பார்ப்பது பொருள் உடலில் இருக்கிறதா என்பதை, ஓட்டுநர் தள்ளாடினாரா என்பதை இல்லை. பொருள் இருப்பது வேறு, போதையில் இருப்பது வேறு. "போதைச் சோதனையில் சிக்கினார்" என்று செய்தி வந்தால் ஊரே அவர் போதையில் ஓட்டினார் என்றுதான் படிக்கும். கொஞ்சம் நீளமானாலும் போதைப்பொருள் சோதனை என்றே இருக்கட்டும்.

முதல் கட்டமாகச் சலித்துப் பார்க்கும் ஸ்கிரீனிங்குக்குச் சலிப்புச் சோதனை என்று எழுதியவர் கோபிக்கக் கூடாது, படித்ததும் எனக்குக் கொட்டாவிதான் வந்தது. முதற்சோதனை, உறுதிச் சோதனை என்று இரண்டாகப் பிரிப்போமே. முதற்சோதனையில் எதிர்ப்பொருள் பூசிய பட்டை, வீட்டில் கர்ப்பம் பார்க்கும் பட்டையின் உறவுக்காரன்தான், ஆனால் தலைகீழ்: இதில் சோதனைக் கோடு விழுந்தால் நெகட்டிவ், விழாவிட்டால்தான் சந்தேகம். உறுதிச் சோதனை ஆய்வகத்தில், மூலக்கூறுகளை நிறையை வைத்து அடையாளம் காணும் நிறை நிறமாலைமானியில். விக்டோரியாவில் ஆய்வகத்துக்கும் வாய்நீரே போகிறது. இங்கிலாந்திலோ 2015 மார்ச்சில் வந்த சட்டப்படி சாலையோரத்தில் வாய்நீர், வழக்குக்குப் பெரும்பாலும் ரத்தம். அதனால் இந்த இரண்டு சொற்களிலும் நீரைச் சேர்க்காமல் விடுவதே நல்லது.

மிச்சம் இருப்பது கட்-ஆஃப், அதாவது எந்த அளவிலிருந்து பாசிட்டிவ் என்று சொல்வது என்ற எல்லை. வெட்டளவு வேண்டவே வேண்டாம், அது தையற்கடைச் சொல். வரம்பளவு என்று வைத்துக்கொள்ளலாமா? அமெரிக்க வழிகாட்டுதலில் டிஹெச்சிக்கு வாய்நீரில் வரம்பளவு முதற்சோதனைக்கு மில்லிலிட்டருக்கு 4 நானோகிராம், உறுதிச் சோதனைக்கு 2. சிறுநீரில் தேடுவது டிஹெச்சியை இல்லை, உடல் அதை மாற்றி வெளியேற்றும் பொருளை, அங்கே எண்கள் 50, 15. அப்புறம் நெகட்டிவ் என்பதற்கு "இல்லை" என்று எழுதக் கூடாது, 3 நானோகிராம் இருந்தாலும் முதற்சோதனையில் நெகட்டிவ்தானே. "வரம்புக்குக் கீழ்" என்பது சரியாக இருக்கும், ஆனால் அறிக்கைக் கட்டத்துக்குள் அடங்காது. ஒரே சொல்லில் யாரிடமாவது இருக்கிறதா?