மணிக்கணக்கில் ஆடும் தம்பி: நிறுத்தணுமா, ஊஞ்சல் மாட்டணுமா?

அஸ்தம்பட்டி_அக்கா:
தம்பிக்கு 27 வயசு, ஆட்டிசம், எடை 72 கிலோ. பேச்சு கம்மி, போன்ல டைப் பண்ணுவான். சாயங்காலம் 6 மணிக்குக் கட்டில் ஓரத்துல உட்கார்ந்தா 9 வரைக்கும் முன்னும் பின்னும் ஆட்டம்தான். கட்டில் இடிச்சு இடிச்சு சுவத்துல பூச்சு பெயர்ந்துடுச்சு. நாங்க மாடி, கீழ்வீட்டுக்காரங்க சத்தம் தாங்கலைங்கறாங்க. அவனுக்கு வால் எலும்புப் பக்கம் தோல் சிவந்திருக்கு. சொந்தக்காரங்க "அதட்டி நிறுத்து"ன்னு சொல்றாங்க. நிறுத்தணுமா? இல்ல ஊஞ்சல் மாட்டலாமா? வாடகை வீடு, ஆர்சிசி தளம். மே மாசம் ஏற்காட்டுக்கு பஸ்ல கூட்டிட்டுப் போகவும் வேண்டியிருக்கு, அதுக்கும் யோசனை சொல்லுங்க.

தெரபி_சூரமங்கலம்:
அதட்டாதீங்க. ஆட்டத்தை விட்டுட்டு, அது எங்க இடிக்குதோ அதை மாத்துங்க. நம்ம ஊர்ல உட்கார்ந்து காலாட்டினாலே "வீட்டுக்கு ஆகாது"ம்பாங்க. அதே பெரியவங்க ஊஞ்சல்ல ஆடிக்கிட்டேதான் அதைச் சொல்வாங்க. 2019-ல ஆட்டிசம் உள்ள 32 பெரியவங்ககிட்ட பேசி ஒரு ஆய்வு வந்துச்சு. ஸ்டிம்மிங் (இப்படி ஆடறது மாதிரி திரும்பத் திரும்பச் செய்யற அசைவு) தங்களை நிதானப்படுத்துது, தாங்க முடியாத சத்தத்தையும் உணர்ச்சியையும் சமாளிக்க உதவுதுன்னு அவங்க சொன்னாங்க. வெளியில இருந்து தடுத்தா அந்தத் தேவை அப்படியேதான் இருக்கும், வேற வழியில வெளிய வரும். கையைக் கடிக்கிறது, தலையை இடிக்கிறதுன்னு மாறலாம்.

கவனிக்க வேண்டியது மாற்றத்தைத்தான். ஒரு வாரம் நோட்டுல எழுதுங்க: ஆரம்பிச்ச நேரம், அதுக்கு முந்தின ஒரு மணி நேரத்துல நடந்தது, நிமிஷத்துக்கு எத்தனை ஆட்டம். வழக்கமான ஆட்டம் திடீர்னு ரெண்டு மடங்கானா முதல்ல பல், காது, மலச்சிக்கல், வயித்தெரிச்சல் பாருங்க. வலிக்குதுன்னு சொல்லத் தெரியாதவங்களுக்கு ஆட்டம்தான் வாய். எழுந்தவர் பாதியில உறைஞ்சு நிக்கறது, சாப்பாட்டுக் கை வாய்க்குப் போகாம அப்படியே நிக்கறதுன்னு புதுசா வந்தா அது கேட்டடோனியாவா (உடம்பு அசைவு உறைஞ்சு போற நிலை) இருக்கலாம். தள்ளிப்போடாம மனநல மருத்துவரைப் பாருங்க. தலையில அடிச்சுக்கறதையும் கண்ணைக் குத்திக்கறதையும் இந்த ஆட்டம் மாதிரி விட்டுடாதீங்க. திரும்பத் திரும்ப அடிபட்டா விழித்திரை விலகலாம்.

தோல் சிவந்த இடத்தை விரலால அழுத்தி எடுங்க. வெளுத்துட்டு மறுபடி சிவந்தா ஆரம்பநிலை உராய்வு. வெளுக்காம சிவப்பாவே இருந்தா அழுத்தப் புண் ஆரம்பிக்குதுன்னு அர்த்தம், டாக்டர்கிட்ட காட்டணும், அது ஆறுற வரைக்கும் அந்த இடத்துல எடை இறங்கக் கூடாது. பின்பக்கம் தையல் இல்லாத பருத்தி ஷார்ட்ஸ், பின்னால யூ வடிவத்துல வெட்டின குஷன். சேலம் வெயில்ல வேர்வை ஊறின துணிதான் பாதி பிரச்சினை, ஆடி முடிச்சதும் மாத்திடுங்க.

தச்சுப்பட்டறை_அம்மாபேட்டை:
முதல்ல கட்டில். சுவத்துல இருந்து 1 அடி தள்ளிப் போடுங்க. காலுக்கு ரப்பர் மட்டும் வெச்சா ஆட ஆட ஊர்ந்து மறுபடி சுவத்துக்கே போயிடும். வெறும் இவிஏ மேட் (மெத்துன்னு இருக்கற ஃபோம் விரிப்பு) போட்டா கால் அதுல குழி விழுந்து இறங்கிடும். அதனால கீழ 20 மிமீ இவிஏ, அதுமேல 12 மிமீ பிளைவுட், அதுமேல கட்டில். பிளைவுட்ல காலைச் சுத்தி சின்ன ரீப்பர் அடிச்சுட்டா நகராது. கிறீச் சத்தம் வர்றது பெரும்பாலும் பக்கச்சட்டம் தலைமாட்டோட சேர்ற போல்ட்டுல. சாதா நட்டு ஆட்டத்துல கழண்டுடும். நைலாக் நட்டும் (உள்ள நைலான் வளையம் இருக்கறதால கழலாது) அகல வாஷரும் போடுங்க.

இனி ஊஞ்சல். வாங்கறதுக்கு முன்னாடி தம்பி நிமிஷத்துக்கு எத்தனை தடவை ஆடறார்னு எண்ணுங்க. ஊஞ்சலோட வேகம் சங்கிலி நீளத்தைப் பொறுத்தது, ஆள் எடையைப் பொறுத்தது இல்ல. 7 அடி தொங்கலுக்கு ஒரு முறை போய் வர ஏறக்குறைய 3 வினாடி, அதாவது நிமிஷத்துக்கு 20. 3 அடிக்கு 30 சொச்சம். அவர் 50 தடவை ஆடற ஆளா இருந்தா 7 அடி ஊஞ்சல் மந்தமா இருக்கும், ரெண்டு நாள்ல துணி போடற இடமாயிடும். அவருக்கு ஆட்டு நாற்காலிதான் சரி. அதோட வளைகட்டைக்கு அடியில ரப்பர் பட்டை ஒட்டணும், இல்லேன்னா டைல்ஸ்ல முன்னால ஊர்ந்துக்கிட்டே போகும்.

ஊஞ்சல்தான்னா, தளத்துல கீழ இருந்து டிரில் போட்டு ஆங்கர் ஃபாஸ்ட்னர் (ஓட்டைக்குள்ள விரிஞ்சு பிடிக்கற போல்ட்டு) அடிக்கிறதுக்கு ஒத்துக்காதீங்க. தளத்துக்குள்ள இருக்கற கம்பிக்குக் கீழ இருக்கறது முக்கால் இஞ்ச் கான்கிரீட்தான். ஆடற எடை தினமும் இழுத்தா ஆங்கர் தளர்ந்துடும். தளத்தை ஊடுருவற 16 மிமீ போல்ட்டு, மேல மொட்டைமாடியில 6 இஞ்ச் சதுரத்துக்கு 8 மிமீ தகடு, ஒவ்வொரு தொங்கலும் 300 கிலோ தாங்கணும். மழைத்தண்ணி இறங்காம ஓட்டையைச் சீல் பண்ணணும். இதுக்கெல்லாம் வீட்டுக்காரர் சம்மதிக்கறது சந்தேகம்தான். ஜிஐ பைப்ல ஏ வடிவ ஸ்டாண்டு அடிச்சுக்குங்க, அடி அகலம் 5 அடிக்குக் குறையாம. நாலு சங்கிலி பலகையா இருக்கட்டும். ஒத்தைக் கொக்கியில தொங்கற கூடை நாற்காலி சுத்தும்.

தெரபி_சூரமங்கலம்:
மேல சொன்ன கடைசி வரி முக்கியம். நேர்கோட்டுல மெதுவா ஆடினா பெரும்பாலும் அமைதியாகும். சுத்தினா பலருக்குக் கிளர்ச்சிதான் கூடும். ராத்திரித் தூக்கம் போயிடும்.

விரல்_தாளம்:
ஆட்டிசம் உள்ள பெரியவங்களோட பார்வையில பஸ் விஷயம் சொல்றேன். ஏற்காட்டுப் பாதையில 20 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுலயும் ஹாரன், பிரேக் சத்தம். கோடை விழா நாட்களைத் தவிர்த்து, காலையில முதல் நடையில ஏறுங்க. கடைசி சீட்டு வேண்டாம், அங்கதான் தூக்கிப் போடும். ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல, ஜன்னலோரம். முன்னும் பின்னும் ஆடினா முன்சீட்டுக் கம்பியில நெத்தி இடிக்கும். அதனால ஆட்டத்தைக் காலுக்கு மாத்தற வழியை வீட்டுலயே பழக்குங்க: குதிகாலைத் தரையில அழுத்தி, விட்டு, அழுத்தி. மடியில 2 கிலோ மூட்டை வெக்கலாம், அவருக்குப் பிடிச்சா மட்டும். கனமான போர்வை சேலத்து மே மாசத்துக்கு ஆகாது. மூட்டைக்குப் புளியங்கொட்டை போட்டா வண்டு விழும். மணலைக் கழுவிக் காயவெச்சு, கெட்டியான காடாத்துணியில 4 இஞ்ச் அறைகளா ரெட்டைத் தையல் போடுங்க. அறை இல்லேன்னா மணல் முழுக்க ஒரு மூலைக்கு ஓடிடும். ஏறும்போதும் இறங்கும்போதும் காது அடைக்கும், மெல்ல ஏதாவது குடுங்க.

முறைச்சுப் பார்க்கறவங்களுக்கு "அவனுக்கு இது இதமா இருக்கு"ன்னு ஒரு வரி போதும். மன்னிப்புக் கேக்காதீங்க, அது அவர் காதுலயும் விழும்.

அஸ்தம்பட்டி_அக்கா:
எண்ணிப் பார்த்தேன், நிமிஷத்துக்கு 44. அப்போ ஆட்டு நாற்காலிதான். ஒண்ணு சொல்ல விட்டுட்டேன்: ரெண்டு மாசம் முன்னாடி ரிஸ்பெரிடோன் (மனநல மாத்திரை) டோஸ் கூட்டினாங்க. நடை கூடினது அதுக்கப்புறம்தான். சாப்பிடும்போதுகூட எழுந்து எழுந்து நடக்கறான்.

தெரபி_சூரமங்கலம்:
நாற்காலி வாங்கறதைத் தள்ளி வைங்க அக்கா, முதல்ல மாத்திரை எழுதின டாக்டரைப் பாருங்க. இது அகதீசியாவா இருக்கலாம். அந்த வகை மருந்துகளோட பக்கவிளைவு, உள்ளுக்குள்ள இருக்க விடாத பரபரப்பு. ஆட்டம் மாதிரியே தெரியும், ஆனா ஆடினா கொஞ்ச நேரம் தணியலாமே தவிர நிஜமான இதம் வராது. மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க, திடீர்னு விட்டா வேற தொல்லை வரும். உட்கார்ந்திருக்கும்போது 2 நிமிஷம், நிக்கும்போது 2 நிமிஷம், கால் தெரியற மாதிரி வீடியோ எடுங்க. டோஸ் கூட்டின தேதியும் எழுதிக்குங்க. தம்பிகிட்ட போனைக் குடுத்து ரெண்டே கேள்வி டைப் பண்ணிக் கேளுங்க: "ஆடினா நல்லா இருக்கா?", "நிறுத்தணும்னு நினைச்சும் முடியலையா?" அவர் போடற பதிலை அழிக்காம அப்படியே டாக்டர்கிட்ட காட்டுங்க.